ஈசிஜி நல்லது, பிள்ளை?

கேள்வி: உப்புவெளியில் இருக்கிறோம். மகளுக்கு 14 வயது. இந்த வருடம் மூன்று தடவை மயங்கி விழுந்துவிட்டாள். இரண்டு தடவை பள்ளிக்கூடக் காலைக்கூட்டத்தில், ஒரு தடவை கோயில் வரிசையில். ஈசிஜி, இரத்தப் பரிசோதனை எல்லாம் நல்லது என்கிறார்கள். போன கிளினிக்கில் அவளுக்கு ஒரு படிவம், எனக்கு ஒரு படிவம் தந்து நிரப்பச் சொன்னார்கள். பயம் வருகிறதா, நித்திரை வருகிறதா என்று கேள்விகள். படம் அனுப்பியிருக்கிறேன். மனநோய் என்று நினைக்கிறார்களா டாக்டர்?

பதில்: இல்லை அம்மா, அப்படி யாரும் நினைக்கவில்லை. மயக்கத்தை முதலில் பார்த்துவிடுவோம். சூடான கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வெயிலில் அசையாமல் நின்றால் இரத்தம் காலில் தேங்கும், நரம்பு அந்த நேரம் பார்த்துத் தவறான கட்டளை கொடுத்து இதயத் துடிப்பையும் பிரஷரையும் இறக்கிவிடும், மூளைக்குப் போகிற இரத்தம் சில விநாடி குறையும், பிள்ளை விழும். படுத்த நிலைக்கு வந்ததும் இரத்தம் திரும்பிவிடுவதால் தானாகவே கண் திறக்கும். இந்த வயதில் வருகிற மயக்கங்களில் பெரும்பாலானவை இதுதான். ஓடும்போதோ நீந்தும்போதோ விழுந்தால், விழுமுன் நெஞ்சு நொந்தால், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால் கதை வேறு, அதைக் கட்டாயம் கிளினிக்கில் சொல்லுங்கள்.

சரி, படிவம். அது பெட்ஸ்கியூஎல், பிள்ளையின் அன்றாட வாழ்க்கை எவ்வளவு நன்றாகப் போகிறது என்று அளக்கிற படிவம். வார்னி என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கியது, 23 கேள்வி, உடம்பு, மனம், கூட்டாளிகள், பள்ளிக்கூடம் என்று நாலு பகுதி. கடந்த ஒரு மாதத்தில் இது எவ்வளவு தொல்லையாக இருந்தது என்று கேட்கும்; ஒருபோதும் இல்லை என்றால் 0, அநேகமாக எப்போதும் என்றால் 4. பிறகு தலைகீழாக மாற்றுவோம்: 0க்கு 100 புள்ளி, 1க்கு 75, 2க்கு 50, 3க்கு 25, 4க்கு 0; புள்ளி கூடினால் நல்லது. மகள் பள்ளிக்கூடப் பகுதியில் 2, 0, 2, 3, 3 போட்டிருக்கிறாள், சராசரி 50 வருகிறது. ஈசிஜி இதயத்தின் கதையைத்தான் சொல்லும், அவள் எத்தனை நாள் வகுப்புக்குப் போகவில்லை என்று அதற்குத் தெரியாது. மயங்கி விழும் பிள்ளைகளிடம் இந்தப் படிவத்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், சுகதேகியான பிள்ளைகளைவிடப் புள்ளி குறைந்துதான் வந்திருக்கிறது. டாக்டர் 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிட்ட பிள்ளைகளும் இதில் அடக்கம். நானும் அப்படி எத்தனையோ பேரை அனுப்பியவன்தான்.

எனக்கு உறுத்தினது வேறு. 'எனக்கு என்ன நடக்குமோ என்று கவலைப்படுகிறேன்' என்ற கேள்விக்கு நீங்கள் 0 போட்டிருக்கிறீர்கள். அவள் 4. அதுவும் முதலில் 2 போட்டு, அதை அழித்துவிட்டு, பேனையை அழுத்தி 4. உங்கள் பிழை இல்லை. பெற்றோரின் பதிலும் பிள்ளையின் பதிலும் ஒத்துப்போகாமல் வருவது சாதாரணம், அதற்காகத்தான் இரண்டு பேரிடமும் தனித்தனியே கேட்கிறோம். வரிசையில் எல்லாருக்கும் முன்னால் விழுந்தது அவளுக்கு எப்படி இருந்தது என்று ஒரு நாள் ஆறுதலாகக் கேளுங்கள், புத்திமதி சொல்லாமல்.

அப்புறம், காலைக்கூட்டத்தில் அவளை உட்கார்ந்திருக்க விடும்படி வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். பாணோ இடியப்பமோ சாப்பிட்டு, இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வீட்டை விட்டு இறங்க வேண்டும். கண் இருட்டுகிறது, காது அடைக்கிறது, வியர்க்கிறது என்றால் வெட்கப்படாமல் அந்த இடத்திலேயே குந்திவிட வேண்டும். அதற்கும் வழியில்லை என்றால் கால்களைப் பின்னி, தொடையை இறுக்கி நிற்கட்டும், பிரஷர் கொஞ்சம் ஏறும். பிரஷர் ஏறட்டும் என்று உப்பை மட்டும் நீங்களாகக் கூட்டாதீர்கள், கிளினிக்கில் கேட்டுச் செய்யுங்கள்.

சில மாதம் கழித்து அதே படிவத்தைத் திரும்பத் தருவார்கள், அந்த 50 ஏறியிருக்கிறதா என்று பார்க்க. அவள் நிரப்பும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம். வெளியே போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வாருங்கள்.