சேண்டர் மலிவு, காற்றுத்தான் விலை

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சாமானைச் சுற்றியே இருந்தன: கம்ப்ரசர் காற்றில் ஓடும் சேண்டர். தளபாடப் பட்டறைகளிலும் டிங்கரிங் கராஜ்களிலும் கையால் தாள் தேய்ப்பதை விட்டு இதற்கு மாறுகிறார்கள் போலிருக்கிறது. மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஹட்டனில் சிறிய தளபாடப் பட்டறை வைத்திருக்கிறேன். வேலைக்கு நான் ஒருவன்தான். ஆணி அடிக்கவும் வார்னிஷ் அடிக்கவும் 2 குதிரைவலு, 25 லீற்றர் கம்ப்ரசர் ஒன்று இருக்கிறது. அதில் 6 அங்குலக் காற்றுச் சேண்டர் ஓடுமா? கடைக்காரர் தாராளமாக ஓடும் என்கிறார். பெட்டியிலும் 4 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு 4 கன அடி காற்றுப் போதும் என்று போட்டிருக்கிறது.

பதில்: ஓடும். கால் நிமிடத்துக்கு ஓடும்.

பெட்டியில் இருக்கும் அந்த 4 என்பது பெரும்பாலும் சராசரிக் கணக்கு. அதாவது நிமிடத்தில் 15 விநாடி மட்டும் லீவரை அமுக்கி, மிச்ச நேரம் சும்மா வைத்திருந்தால் ஆகும் செலவு. நட்டுக் கழற்றும் துப்பாக்கிக்கு அந்தக் கணக்குச் சரி. சேண்டரை யார் அப்படிப் பிடிக்கிறார்கள்? மேசைப் பலகை ஒன்றைத் தேய்க்கத் தொடங்கினால் ஐந்து, பத்து நிமிடம் விடாமல் ஓடும். அப்படித் தொடர்ந்து ஓடும்போது 6 அங்குலச் சேண்டர்கள் பலவற்றுக்கு 90 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 10 முதல் 16 சி.எஃப்.எம். வரை காற்று வேண்டும். உங்கள் 2 குதிரைவலு கம்ப்ரசர் அந்த அழுத்தத்தில் தருவது 5 அல்லது 6 தான். அதன் உடம்பில் 7, 8 என்று ஒட்டியிருந்தால் அது உள்ளே இழுக்கும் காற்றின் அளவு, வெளியே வருவது அல்ல.

தாங்கியில் சேர்ந்த காற்று கைகொடுக்காதா என்று கேட்பீர்கள். 25 லீற்றர் தாங்கி 8 பார் வரை நிறைந்திருந்தாலும், 90 பி.எஸ்.ஐ.க்கு, அதாவது 6.2 பாருக்கு இறங்கும் வரை அதிலிருந்து கிடைப்பது சுமார் 45 லீற்றர் காற்று. சேண்டர் 12 சி.எஃப்.எம். கேட்டு, கம்ப்ரசர் 5 கொடுத்தால், பற்றாக்குறை 7 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 லீற்றர். 45 லீற்றர் எத்தனை விநாடிக்கு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு சேண்டர் சுற்றாமல் முனகும், கை தன்னை அறியாமல் அழுத்தும், பலகையில் வட்ட வட்டமாகக் கோடு விழும். கம்ப்ரசரோ நிற்காமல் ஓடிச் சூடேறும்.

இதற்கு மேல் ஒரு மலைநாட்டுக் கணக்கும் இருக்கிறது. கொழும்புக் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், அவருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. கம்ப்ரசர் ஒவ்வொரு சுற்றிலும் இழுப்பது ஒரே கன அளவு. ஆனால் உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேல் இருக்கிறது, அங்கே கடற்கரையில் கிடைப்பதில் ஏழில் ஒரு பங்கு குறையும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆக கொழும்பில் 6 தருகிற மெஷின் உங்கள் பட்டறையில் 5 தான் தரும். வாங்கும்போது தேவைக்கு மேல் கால் பங்கு கூட்டிப் பாருங்கள்.

எனவே என் கருத்து: நீங்கள் தனி ஆள், வேலை மரத்தில். மின்சாரத்தில் ஓடும் ரேண்டம் ஓர்பிட்டல் சேண்டர் ஒன்று, 300 வாட் அளவில், தூசுப் பை உள்ளதாக வாங்குங்கள். வெக்கியூம் குழாயை மாட்டிக்கொள்ள வழி இருந்தால் இன்னும் நல்லது. காற்றுச் சேண்டர் கைக்கு இலகு, மோட்டர் கருகாது, நாள் முழுக்க ஓடும், உண்மைதான். ஆனால் அதை நாள் முழுக்க ஓட்ட 5 குதிரைவலு பெல்ட் கம்ப்ரசரும் 150 லீற்றருக்குக் குறையாத தாங்கியும் வேண்டும். அதற்குத் திரீ ஃபேஸ் லைன் எடுக்க நேரிடலாம். சேண்டருக்குக் கொடுக்கும் காசு அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டு, மூன்று பேர் ஒரே நேரத்தில் தேய்க்கிற பட்டறையாக வளரும்போது யோசிக்கலாம்.

கேள்வி: நுவரெலியாவில் கராஜ் நடத்துகிறோம். வாங்கி இரண்டரை மாதமான காற்றுச் சேண்டர் இப்போது பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. ஹோஸிலிருந்து தண்ணீரும் தெறிக்கிறது. கடையில் கேட்டால், "நீங்கள் எண்ணெய் விடவில்லை, உத்தரவாதம் செல்லாது" என்கிறார்கள். எண்ணெய் விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

பதில்: கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. சேண்டருக்குள் சின்னச் சின்னத் தகடுகள் உருளையின் சுவரை உரசிக்கொண்டே சுற்றுகின்றன. காலையில் வேலை தொடங்குமுன் காற்று நுழையும் வாயில் நான்கைந்து சொட்டு எயார் டூல் எண்ணெய் விட்டு, சில விநாடி ஓட்ட வேண்டும். என்ஜின் ஒயில் தடிப்பு, தகடுகள் ஒட்டிக்கொள்ளும். துருப் போக்க அடிக்கிற ஸ்பிறேயும் இதற்கு ஆகாது, இருக்கிற எண்ணெயையும் அது கழுவிவிடும்.

ஆனால் உங்கள் ஊரில் பெரிய எதிரி தண்ணீர். பனிமூட்டத்து ஈரக் காற்றை இழுத்து அமுக்கினால் அதிலுள்ள ஈரம் தாங்கியின் அடியில் தண்ணீராக இறங்கும், மிச்சம் ஹோஸ் வழியாக வந்து சேண்டரின் எண்ணெயைக் கழுவித் துருப்பிடிக்க வைக்கும். தாங்கியின் அடியில் உள்ள அடைப்பைத் தினமும் வேலை முடிந்ததும் திறந்து வடித்துவிடுங்கள். கம்ப்ரசரின் வாயிலேயே தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரை மாட்டினால் பயன் குறைவு, அங்கே காற்று சூடாக இருக்கும், ஈரம் ஆவியாகவே கடந்துவிடும். ஏழெட்டு மீற்றர் குழாயில் போய்க் காற்று ஆறிய பிறகு, சேண்டருக்குப் பக்கமாக ஃபில்டரையும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் மாட்டுங்கள். பெயின்ட் அடிக்கும் ஹோஸையும் எண்ணெய் போகும் ஹோஸையும் கலக்க வேண்டாம், பெயின்டில் மீன்கண் போல வட்டக் குழிகள் விழும்.

இனி உத்தரவாதம். பெட்டியில் எண்ணெய் பற்றிய குறிப்புத் தாள் இருந்ததா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உங்கள் வாதம் பலவீனம். இல்லாவிட்டால், அல்லது விற்கும்போது பராமரிப்பே தேவையில்லை என்று சொல்லியிருந்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது, ஆகவே கடைக்காரரோடு பேசிப் பேசி நாளைக் கடத்தாதீர்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்கலாம். பற்றுச்சீட்டு இல்லையென்றால் கை கட்டப்பட்ட மாதிரித்தான். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை, அதனால் இனிமேல் கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பண்டாரவளை. பாவித்த 100 லீற்றர் கம்ப்ரசர் ஒன்று கொழும்பில் பார்த்து வைத்திருக்கிறோம். ஜப்பானிலிருந்து வந்த றீகண்டிஷன் சாமான் என்கிறார்கள். என்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் மோட்டரில் வோல்ட், ஹேர்ட்ஸ் எழுதியிருக்கும் தகட்டைப் பாருங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். 60 ஹேர்ட்ஸ் மோட்டரை இங்கே ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், காற்றும் அதே அளவு குறையும். டிரான்ஸ்ஃபோமர் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். கம்ப்ரசர் புறப்படும்போது இழுக்கும் கரண்ட் பல மடங்கு, சின்ன டிரான்ஸ்ஃபோமர் தாங்காது.

பிறகு தாங்கி. மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம், தாங்கி வெடித்தால் ஆளே மிஞ்சமாட்டார். அடியிலுள்ள அடைப்பைத் திறக்கச் சொல்லுங்கள். செங்கல் நிறத்தில் தண்ணீரும் துருச் செதிலும் கொட்டினால் உள்ளே தகடு அரித்துக்கொண்டிருக்கிறது. தாங்கியில் எங்காவது வெல்டிங் ஒட்டு இருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் திரும்பி வந்துவிடுங்கள். பாதுகாப்பு வால்வின் வளையத்தை இழுத்தால் காற்று சீறி, விட்டதும் அடங்க வேண்டும். அந்த இடத்தில் வால்வுக்குப் பதிலாக ஒரு போல்ட்டை முறுக்கி வைத்திருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். கேட்டதற்கு, "காற்று லீக் ஆனது, அதுதான் அடைத்தோம்" என்றார் விற்றவர்!

கடைசியாக போனில் உள்ள ஸ்டொப்வொட்ச். தாங்கியின் வால்வை மூடிவிட்டு, அழுத்தம் 5 பாரிலிருந்து 7 பாருக்கு ஏற எத்தனை விநாடி எடுக்கிறது என்று பாருங்கள். 100 லீற்றர் தாங்கி 2 பார் ஏறினால் 200 லீற்றர் காற்று நுழைந்திருக்கிறது. அதற்கு 40 விநாடி எடுத்தால் நிமிடத்துக்கு 300 லீற்றர், அதாவது பத்தரை சி.எஃப்.எம். ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்தாலும் அந்த மெஷினின் உண்மையான பலம் இதுதான். பண்டாரவளைக்குக் கொண்டுவந்தால் இதிலும் ஏழில் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குக் கொண்டுவந்த பிறகு, தண்ணீர்க் குழாய் பொருத்துகிற பி.வி.சி.யைச் சுவர் முழுக்க ஓட்டி அதில் காற்றை விடாதீர்கள். பல கராஜ்களில் இதைக் காண்கிறேன். தண்ணீர்க் குழாய் உடைந்தால் நனைவோம். அமுக்கிய காற்றோடு பி.வி.சி. உடைந்தால் கண்ணாடித் துண்டு போலச் சிதறிப் பறக்கும், குளிரில் அது இன்னும் முறுகும். ஜி.ஐ. குழாயோ நல்ல றப்பர் ஹோஸோ போடுங்கள். மின்சார எக்ஸ்டென்ஷன் வயரை நீட்டுவதை விடக் காற்று ஹோஸை நீட்டுவது நல்லது, உள் விட்டம் 10 மில்லிமீற்றருக்குக் குறையாமல்.

கேள்வி: என் மகன் தலவாக்கலையில் ஒரு கராஜில் வேலை பழகுகிறான். வந்தால் தலை முதல் கால் வரை பட்டித் தூசு. அங்கேயே காற்றடித்துத் தட்டிவிட்டுத்தான் வருகிறானாம். இப்போது காலையில் விரல் நுனி வெள்ளையாகி மரத்துப்போகிறது. சத்துக் குறைவா?

பதில்: அம்மா, சத்து மாத்திரை வாங்குவதற்கு முன் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். என்ன கருவி பிடிக்கிறான், நாளைக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கிறான் என்பதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர் அந்தப் பக்கம் யோசிக்காமல் போகலாம். அதிரும் கருவியை நாள் முழுக்கப் பிடிப்பவர்களுக்கு விரலின் இரத்த நாளங்களும் நரம்புகளும் பாதிக்கப்படுவதுண்டு, இப்படி விரல் மரத்து வெளுப்பது அதன் அடையாளங்களில் ஒன்று. குளிர் அதை மோசமாக்கும். காற்றுச் சேண்டரில் ஒரு கூடுதல் வில்லங்கம் இருக்கிறது: வெளியேறும் காற்று விரிந்து சில்லென்றாகி நேரே கையில் அடிக்கும். உங்கள் ஊர் விடியற்காலைக் குளிரில் அது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆரம்பத்திலேயே நிறுத்தினால் குறையலாம், முற்றினால் திரும்பாது. சிகரெட் பழக்கம் இருந்தால் அதையும் விடச் சொல்லுங்கள். வேலையில் செய்யக்கூடியது: கையைச் சூடாக வைக்கும், கைக்கு அளவான கையுறை, இடையிடையே ஓய்வு, வேலையை மற்றவர்களோடு மாற்றிக்கொள்வது. கழிவுக் காற்றைக் குழாய் வழியே பின்பக்கம் கொண்டுபோகும் சேண்டர்கள் உண்டு, பாஸிடம் அப்படி ஒன்றைக் கேட்கலாம்.

காற்றடித்து உடுப்பைத் தட்டுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். 90 பி.எஸ்.ஐ. காற்று காயத்தின் வழியே உடம்புக்குள் புகுந்தால் உயிராபத்து, கண்ணில் பட்டால் கண் போகும், தட்டிய தூசையும் அவனேதான் சுவாசிக்கிறான். பழைய வாகனப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசை வீட்டுக்குக் கொண்டுவந்தால் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் கேடு. வேலை உடுப்பைக் கராஜிலேயே மாற்றிவிட்டு வரட்டும், தனியாகத் துவையுங்கள்.

துணி மாஸ்க், ஆஸ்பத்திரி மாஸ்க் இரண்டும் இந்தத் தூசுக்குப் போதாது. என்95 வேண்டும். கடையில் வாங்கும்போது காதில் மாட்டுவதை விட்டு, தலையைச் சுற்றி இரண்டு பட்டி வருவதை எடுங்கள். அமெரிக்க அங்கீகாரம் பெற்ற உண்மையான என்95இன் மேலேயே டி.சி.-84ஏ (TC-84A) என்று தொடங்கும் இலக்கம் அச்சிட்டிருக்கும். தாடி வைத்திருந்தால் ஓரத்தால் காற்று புகும். பெயின்ட், தின்னர் ஆவிக்கு இந்த மாஸ்க் உதவாது, அதற்குக் காட்ரிஜ் வைத்த வேறு மாஸ்க். காதுக்கு அடைப்பான், கண்ணுக்குப் பக்கம் மூடிய கண்ணாடி. இவற்றை வாங்கிக் கொடுக்க வேண்டியவர் முதலாளி, நீங்கள் அல்ல. ஆனால் அவர் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: பதுளை. காற்றுக் கிரைண்டரில் சாதாரண 4 அங்குல வெட்டும் டிஸ்க் பூட்டலாமா?

பதில்: கூடாது. அந்த டிஸ்க்கின் முகத்தில் எழுதியிருக்கும் உச்ச வேகம் சுமார் 15,000. சின்னக் காற்றுக் கிரைண்டர்கள் நிமிடத்துக்கு 20,000க்கு மேல் சுற்றும், ரெகுலேட்டர் இல்லாமல் தாங்கியின் முழு அழுத்தத்தையும் விட்டால் இன்னும் ஏறும். டிஸ்க் துண்டு துண்டாகப் பறந்துவிடும். டிஸ்க்கில் உள்ள எண் கருவியின் எண்ணைவிடக் கூடுதலாக இருந்தால் மட்டும் பூட்டுங்கள். மாற்றும்போது வால்வை மூடி, ஹோஸைக் கழற்றி, லீவரை ஒருமுறை அமுக்கி மிச்சக் காற்றை வெளியேற்றிய பிறகே கையை வையுங்கள். கை வலிக்கிறது என்று லீவரை வயரால் கட்டி வைக்கும் பழக்கம் உங்கள் பட்டறையில் இருந்தால், அந்த வயரை இப்போதே வெட்டி எறியுங்கள்.