சந்தேகத்தோடு ஜெபித்தால் கேட்கப்படாதா? – சகோதரிக்குப் பதில்

சகோதரி, அப்பாவின் ஆபரேஷனுக்குப் பிறகு ஜெபிக்க உட்கார்ந்தாலே வேதத்தில் யாக்கோபு நிருபம் 1:6-7 நெஞ்சில் குத்துகிறது, 'சந்தேகப்படுகிறவன் எதையும் பெறமாட்டான்' என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வசனங்களைத் தனியாகப் பிய்த்து எடுக்காதீர்கள். 5-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள்: அங்கே பேச்சு ஞானத்தைக் கேட்பது பற்றி. கேட்கிறவனைக் கடிந்துகொள்ளாமல் கொடுக்கிற தேவன் என்றுதான் அது தொடங்குகிறது. 8-ஆம் வசனம் சாடுவது இருமனமுள்ளவனை. அழுதுகொண்டே அவரிடம் வருகிறவரை அல்ல.

மாற்கு சுவிசேஷம் 9:24-இல், மகனைக் குணமாக்கும்படி இயேசுவிடம் வந்த ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவும்" என்று கண்ணீரோடு கதறினார். இயேசு அவரை முதலில் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டு வா என்று அனுப்பவில்லை. மகனைக் குணமாக்கினார்.

ராத்திரி வார்த்தை வராவிட்டால் வேதத்தின் ஜெபப் பாடல்களில் ஒன்றான சங்கீதம் 13-ஐச் சத்தமாக வாசியுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் முறையீடு, 'எதுவரைக்கும்' என்று நான்கு முறை. அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில்தான் நம்பிக்கை. பலர் தடுமாறுவது இங்கேதான்: முறையீட்டைத் தாண்டிக் குதித்து நேரே ஸ்தோத்திரம் சொல்லப் பார்க்கிறார்கள், அது உதட்டோடு நின்றுவிடுகிறது. உங்கள் முறையீட்டை ஒரு நோட்டில் அப்படியே எழுதுங்கள், அப்பாவின் பெயர் உட்பட. 5-ஆம் வசனம் வாயில் வராத நாளில் 4-ஓடு நிறுத்துங்கள், தப்பில்லை. சங்கீதம் 88 இருளில்தான் முடிகிறது, அதுவும் வேதத்தில் இருக்கிறது.

தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் டாக்டரையும் பாருங்கள். அது அவிசுவாசம் இல்லை, சகோதரி.