நீச்சல் தெரியாமல் கயாக்கில் ஏறலாமா?

கேள்வி: எங்கள் அபார்ட்மெண்டில் ஐந்து குடும்பங்கள் நெருங்கிப் பழகுகிறோம். மே மாதக் கடைசியில் வரும் நீண்ட வார விடுமுறைக்கு, பைன் பேரன்ஸ் காட்டுக்குள் ஓடும் வேடிங் ஆற்றில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு விடப் போவதாக முடிவாகிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் நானும் கட்டைவிரலைத் தூக்கிவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. பையனுக்கு 10 வயது. 'தண்ணீர் இடுப்பளவுதான், லைஃப் ஜாக்கெட்டைப் படகில் போட்டு வைத்தால் போதும்' என்கிறார் ஏற்பாடு செய்யும் நண்பர். இப்போது மறுத்தால் எல்லோருக்கும் உற்சாகம் போய்விடும். போகவா, வேண்டாமா?
- வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: போங்கள். ஆனால் அந்த நண்பர் சொல்கிற மாதிரி போகாதீர்கள்.

இடுப்பளவு என்று அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். சில இடங்களில் படகு மணலில் தட்டி, இறங்கித் தள்ளக்கூட வேண்டியிருக்கும். ஆனால் வளைவுகளில் வெளிப்பக்கத்து மணலை ஓட்டம் அரித்துக் குழியாக்கி வைத்திருக்கும். எது குழி என்று மேலிருந்து தெரியாது, ஏனென்றால் அந்தத் தண்ணீர் டிகாஷன் நிறம். சீடர் மரங்களிலிருந்து இறங்கும் டானின் என்ற துவர்ப்புச் சாறும் மண்ணின் இரும்பும் சேர்ந்து வந்த நிறம் அது, சாக்கடை என்று பயந்துவிட வேண்டாம். சதுப்பில் படியும் அந்த இரும்பை வெட்டி உருக்க, பக்கத்து பாட்ஸ்டோவில் 1766-லேயே உலை வைத்தார்கள். அமெரிக்கச் சுதந்திரப் போருக்குப் பீரங்கிக் குண்டுகள்கூட அங்கிருந்து போயின.

ஆழத்தைவிட நான் பயப்படுவது விழுந்து கிடக்கும் மரங்களுக்கு. ஓட்டம் மெதுவானதுதான், ஆனாலும் படகைப் பக்கவாட்டில் கொண்டுபோய் மரத்தோடு அணைக்க அது போதும். அப்போது பயத்தில் எல்லோரும் மரத்தை விட்டு விலகிச் சாய்வார்கள். உடனே ஓட்டத்தின் மேல்பக்கமிருந்து வரும் தண்ணீர் விளிம்பில் ஏறிப் படகைக் கவிழ்த்துவிடும். மரத்தை நோக்கிச் சாயுங்கள், கையால் அதைப் பிடித்து மெல்ல நகர்ந்து வெளியே வாருங்கள். இது ஒன்றை மட்டும் கிளம்புவதற்கு முன் பையனுக்கும் சொல்லிக்கொடுங்கள். தலைக்கு மேல் வரும் கிளையை எட்டிப் பிடிக்கவும் கூடாது. படகு போய்விடும், நீங்கள் தொங்குவீர்கள்!

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். நியூ ஜெர்சியில் 12 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் படகு ஓடும்போது அதை அணிந்தே இருக்க வேண்டும், சட்டம். பையனுக்கு மாட்டும்போது நீங்களும் மாட்டி, பக்கிளைப் போட்டுவிடுங்கள். யாராவது கிண்டல் செய்தால் 'நான் போடாவிட்டால் அவன் கழற்றிவிடுவான்' என்று சொல்லுங்கள், பேச்சு முடிந்துவிடும்.

இருவர் உட்காரும் கயாக் வாடகைக்குக் கிடைக்கும். திருப்புவது பின்னால் இருப்பவர் வேலை. அதனால் நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் பின்னால், பையன் முன்னால். உங்களுக்கும் அப்படி ஒரு துணை வேண்டும். அது கணவராகத்தான் இருக்க வேண்டுமா என்று யோசியுங்கள். யார் துடுப்புப் போடுவது சரியில்லை என்ற சண்டை இரண்டாவது வளைவிலேயே தொடங்கிவிடும் என்பது என் கணிப்பு.

தேதியைத் தள்ள முடிந்தால் ஜூன் கடைசிக்குத் தள்ளுங்கள். மே மாதம் வெயில் சுட்டாலும் தண்ணீர் சில்லென்றே இருக்கும், விழுந்தால் மூச்சு வாங்கும். அந்த நீண்ட வார விடுமுறையில் கூட்டமும் அதிகம். ஜூலை நெருங்கினால் கரையோரச் செடிகளில் காட்டு ப்ளூபெர்ரியும் பழுக்கத் தொடங்கியிருக்கும். ஐஸ் பெட்டியில் பீர் ஏற்றும் யோசனை யாருக்காவது இருந்தால், மாநிலக் காடுகளில் மதுவுக்கு அனுமதியில்லை என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

உங்களால் மற்றவர்களுக்குத் தாமதம் என்ற கவலை வேண்டாம். பல இடங்களில் ஆறு மிகக் குறுகல், ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். நன்றாக நீந்துபவர் ஒருவர் கடைசிப் படகில் வரட்டும்.

அப்புறம், அந்தக் கட்டைவிரல். இன்றைக்கே அதே குழுவில் 'எனக்கு நீச்சல் தெரியாது, ஜாக்கெட் போட்டுக்கொண்டு மெதுவாக வருவேன்' என்று எழுதிவிடுங்கள். ஐந்து குடும்பங்களில் நீச்சல் தெரியாதவர் நீங்கள் ஒருவர்தான் என்பதை நான் நம்பவில்லை. நீங்கள் எழுதிய கொஞ்ச நேரத்தில் இன்னும் இரண்டு பேராவது 'எனக்கும்தான்' என்று வருவார்கள். அப்போது ஏற்பாடு செய்பவரே ஜாக்கெட்டைப் பற்றி வேறு மாதிரி பேசுவார்.

எலுமிச்சை சாதத்தையும் கார் சாவியையும் தண்ணீர் புகாத பையில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் பையனின் முழங்காலுக்குப் பின்னாலும் காது மடலிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.