மடிக்காத துணியும் வராத மூடும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மேடம், எனக்கு வயசு 34. மூணு வாரமா ஒரு மாதிரியா இருக்கு. பெருசா பிரச்சனைன்னு எதுவும் இல்ல, வேலைக்கு போறேன், பிள்ளைய பாத்துக்கிறேன், யாராச்சும் பேசினா சிரிச்சு கூட பேசுறேன், ஆனா எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்குது. துவைச்ச துணி நாலு நாளா சேர்ல மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு, அத சுத்திக்கிட்டு போறேனே தவிர மடிக்க கை வரல. ஆன்லைன்ல ஒரு டெஸ்ட் எடுத்தேன், 8 மார்க், லேசான டிப்ரஷன்னு காட்டுச்சு. மாத்திரை போடணுமா, நானே சரி பண்ணிக்க முடியுமா?

பதில்: நீங்க எடுத்தது பிஹெச்க்யூ-9ஆ இருக்கும்னு நினைக்கிறேன். கடைசி 2 வாரத்த பத்தி 9 கேள்வி, மொத்தம் 27 மார்க், அதுல 5லேந்து 9 வரைக்கும் வந்தா லேசானதுன்னு கணக்கு. ஆனா அது தெர்மாமீட்டர் மாதிரிதாங்க, காய்ச்சல் இருக்குன்னு சொல்லும், எதனால வந்துச்சுன்னு சொல்லாது. தைராய்டு கம்மியா சுரந்தாலோ, ரத்தசோகை இருந்தாலோ, பி12 குறைஞ்சாலோ கூட அச்சு அசல் இதே அசதியும் வெறுமையும் வரும். அதனால முதல் வேலையா ஒரு டாக்டர பாத்து ரத்தம் டெஸ்ட் பண்ணிடுங்க. மனசோட மல்லுக்கட்டிக்கிட்டே இருந்துட்டு கடைசில பாத்தா தைராய்டுன்னு தெரிஞ்சா எவ்ளோ கடுப்பா இருக்கும்!

மாத்திரை விஷயம். இந்த அளவுக்கு பொதுவா எடுத்த எடுப்புல எழுத மாட்டாங்க. பிரிட்டனோட நைஸ் அமைப்பு 2022ல போட்ட வழிகாட்டுதல்லயும், லேசான டிப்ரஷனுக்கு முதல் சிகிச்சையா மாத்திரைய வழக்கமா கொடுக்க வேணாம், நோயாளியே விரும்பி கேட்டா தரலாம்னுதான் இருக்கு. (ஏற்கனவே மாத்திரை எடுத்துட்டு இருக்கிறவங்க இத படிச்சிட்டு தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க, அது வேற கதை.)

இப்ப உங்க துணி மலைக்கு வருவோம், ஏன்னா விஷயமே அங்கதான் இருக்கு. மூட் வரட்டும் மடிக்கிறேன்னு நினைக்கிறீங்க இல்லையா? டிப்ரஷன்ல அது தலைகீழ். மனசு சரியில்லன்னு ஒரு வேலைய விடுறோம், விட்டதால அதுல கிடைக்கிற சின்ன திருப்தியும் போயிடுது, அதனால மனசு இன்னும் இறங்குது, அடுத்து இன்னொரு வேலைய விடுறோம். இந்த சுழல வெட்டுறதுக்கு பிஹேவியரல் ஆக்டிவேஷன்னு ஒரு முறை இருக்கு, பேருதான் பெருசு, சங்கதி ரொம்ப சிம்பிள்: முதல்ல கை அசையணும், மனசு பின்னாடி வரும். 1996ல அமெரிக்காவுல நீல் ஜேக்கப்சன்னு ஒரு மனநல ஆய்வாளர், எண்ணங்கள மாத்துற முழு தெரபியையும், அதுல இந்த செயல் பகுதிய மட்டும் தனியா எடுத்தும் ஒப்பிட்டு பாத்தாரு. செயல் மட்டுமே கிட்டத்தட்ட அதே பலன கொடுத்துச்சு.

எப்படி பண்றதுன்னா, ஒரு நோட்டு எடுங்க. "துணி மடிக்கணும்"னு எழுதாதீங்க, அது தண்டனை மாதிரி இருக்கும். "ராத்திரி 8 மணி, அஞ்சு துணி"ன்னு எழுதுங்க. பக்கத்துல, இத பண்ணா எவ்ளோ நல்லா இருக்கும்னு 10க்கு ஒரு மார்க் போடுங்க, அனேகமா 1 போடுவீங்க, பரவால்ல. அஞ்சு மடிச்சதும் மறுபடி போடுங்க. 3 வரும், சில நாள் 4 வரும், 10 எல்லாம் வராது. அந்த 1க்கும் 3க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் மருந்து, ஏன்னா "ஒண்ணும் மாறாது"ன்னு உங்க மனசு சொன்னது பொய்யின்னு உங்க கையெழுத்துலயே இருக்கும். அஞ்சோட நிறுத்திக்கிட்டாலும் சரிதான், மீதி மலை நாளைக்கு.

தினமும் கடமை ஒண்ணு, பிடிச்சது ஒண்ணு, ஒரு மனுஷங்க கூட பேச்சு, அது போன்லயா இருந்தாலும் சரி, இந்த மூணும் இருக்கிற மாதிரி பாத்துக்கோங்க. கடமைய மட்டும் எழுதி வச்சிட்டு பிடிச்சத விட்டுடுறது நம்ம ஆளுங்களுக்கு பழக்கம். படுத்துக்கிட்டு போன தள்ளிக்கிட்டே இருக்கிறத தயவுசெஞ்சு பிடிச்சதுல சேக்காதீங்க, அது ஒளிஞ்சிக்கிறது.

நடக்குறது கண்டிப்பா உதவும். வாரத்துக்கு 150 நிமிஷம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நீங்க அத பாத்து பயப்படாம 10 நிமிஷத்துல ஆரம்பிங்க, முடிஞ்சா காலை வெளிச்சத்துல. எனக்கும் ஒரு காலத்துல இப்படி இருந்துச்சு, அப்ப நான் எனக்கு வச்சிக்கிட்ட டார்கெட் வாக்கிங் கூட இல்ல, செருப்ப மாட்டிக்கிட்டு வாசலுக்கு வெளிய நிக்கிறது, அவ்ளோதான். பாதி நாள் நின்னுட்டு உள்ள வந்துருக்கேன்.

ரெண்டு மூணு வாரம் இப்படி பண்ணியும் அசையலன்னா, இல்ல சாப்பாடு, தூக்கம், வேலைன்னு ஒவ்வொண்ணா கெட ஆரம்பிச்சா, ஒரு கவுன்சலரையோ மனநல டாக்டரையோ பாருங்க. முன்னாடி எப்பவாச்சும் நாள்கணக்கா தூக்கமே இல்லாம ஏகப்பட்ட எனர்ஜியோட சுத்தியிருந்தா அதையும் சொல்லுங்க, சிகிச்சையே மாறும். "இருந்து என்ன பிரயோஜனம்"னு ஒரு நினைப்பு வந்தா மட்டும் எந்த கெடுவும் கிடையாது, அன்னைக்கே யார்கிட்டயாச்சும் சொல்லிட்டு, அவங்கள கூட்டிக்கிட்டே டாக்டர்கிட்ட போங்க.

கேள்வி: மேடம், வயசு 26. பகல்ல ஓகே, ராத்திரி படுத்தா போதும், மூணு வருஷம் முன்னாடி சொதப்புனதெல்லாம் வரிசையா ஓடுது, ஏன் இப்படி பண்ணேன் ஏன் இப்படி பண்ணேன்னு மணி ரெண்டாயிடுது. ரெண்டு பெக் போட்டா தூக்கம் வருது. அது தப்பா?

பதில்: தம்பி, பெக் சீக்கிரம் தூங்க வைக்கும், உண்மைதான், ஆனா பின்ராத்திரில தூக்கத்த கிழிச்சிரும், காலைல மூட இன்னும் கீழ இறக்கிரும். கடன் வாங்கி வட்டி கட்டுற மாதிரி.

யோசனைய நிறுத்துன்னு சொன்னா நிக்காது, அதுக்கு ஒரு நேரம் ஒதுக்குங்க. சாயங்காலம் 15 நிமிஷம், மேஜைல உக்காந்து, பேப்பர்ல. "ஏன்"னு ஆரம்பிச்சா செக்குமாடு மாதிரி அங்கயேதான் சுத்தும், "இதுக்கு இப்ப நான் பண்ண முடிஞ்சது என்ன"ன்னு எழுதிப் பாருங்க, சிலதுக்கு ஒரு மன்னிப்பு மெசேஜ், பலதுக்கு ஒண்ணுமே இருக்காது, அப்ப ஒண்ணுமில்லன்னே எழுதுங்க. ராத்திரி அது மறுபடி வந்தா, நாளைக்கு சாயங்காலம் வான்னு அனுப்பிடலாம். 20 நிமிஷம் போல புரண்டும் தூக்கம் வரலன்னா படுக்கைலயே கிடக்காதீங்க, எந்திரிச்சு மங்கலான லைட்ல போரடிக்கிற எதையாச்சும் படிங்க, கண்ணு சொக்குனா திரும்ப போங்க. எத்தன மணிக்கு தூங்குனாலும் எந்திரிக்கிற நேரம் மட்டும் மாறவே கூடாது, லீவு நாள்லயும்.

கேள்வி: டிப்ரஷனுக்கு செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டுன்னு ஒரு மூலிகை மாத்திரை ஆன்லைன்ல பாத்தேன். மூலிகைதானே, சைட் எஃபெக்ட் இருக்காதுல்ல?

பதில்: மூலிகைங்கிறதுக்காக சாதுன்னு நம்பிடாதீங்க. லேசான டிப்ரஷனுக்கு அது ஓரளவு வேலை செய்யும்னு ஆய்வுகள் இருக்கு, ஆனா கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க கொடுக்குற வார்ஃபரின், ஹெச்ஐவி மருந்துன்னு பலதோட வீரியத்த அது குறைச்சிரும். டிப்ரஷன் மாத்திரையோட சேந்தா, மூளையில மூட பாத்துக்கிற செரட்டோனின்ங்கிற ரசாயனம் அளவுக்கு மீறி ஆபத்தாயிடும். வாங்குறதுக்கு முன்னாடி, நீங்க போடுற எல்லா மாத்திரையோட அட்டையையும் ஒரு கவர்ல போட்டு டாக்டர்கிட்ட எடுத்துட்டு போய் காட்டுங்க.