தங்கைக்குப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. ஜாஸ் மென்பொருள், லேப்டாப், கம்ப்யூட்டர் பயிற்சிக்குச் சேலத்தில் பண உதவி எங்கே கிடைக்கும்?

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன்: தங்கைக்கு 19 வயது, பி.காம். படிக்கிறாள், வீடு ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம், அப்பாவும் அம்மாவும் காப்பி எஸ்டேட்டில் கூலி வேலை, நோய் ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா (ஆர்.பி.), அதாவது விழித்திரை மெல்ல மெல்லக் கெட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வரும் நோய். எனக்கும் அதே ஆர்.பி.தான், ஊரும் மலைதான். இப்போது சேலத்தில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன்.

ஜாஸை விட்டுவிடுங்கள். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் நல்ல மென்பொருள்தான், ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டியது. அதே வேலையைச் செய்யும் என்.வி.டி.ஏ. இலவசம். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர், திரை வாசிப்பானுக்கு ஏன் இவ்வளவு விலை என்ற கடுப்பில் எழுத ஆரம்பித்தது. பி.காம். படிப்புக்கும் அதற்கப்புறம் வரப்போகும் எக்செல் வேலைக்கும் தாராளமாகப் போதும். அதிலேயே தமிழ்க் குரலும் இருக்கிறது. தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது மாதிரி கேட்கும், கொஞ்ச நாளில் பழகிவிடும். லேப்டாப்பும் புதிதாகத்தான் வேண்டும் என்றில்லை. ஸ்கிரீனில் கோடு விழுந்த பழைய லேப்டாப் மலிவாகக் கிடைக்கும், என்னைப் போன்றவனுக்கு அதுவே போதும். தங்கைக்கு இன்னும் கொஞ்சம் பார்வை இருப்பதால் நல்ல ஸ்கிரீனாகப் பாருங்கள்.

அடுத்து மாற்றுத்திறனாளி சான்றிதழ். ஆர்.பி.காரர்கள் பாதிப்பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். தங்கை நேராகப் பார்த்தால் எழுத்துப் போர்டில் கீழ் வரி வரைக்கும் படித்துவிடுவாள். பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சுத்தமாகத் தெரியாது. ஆனால் சான்றிதழ் முகாமில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு நேரம் கிடையாது. "நல்லாத்தானேம்மா தெரியுது, கண்ணாடி போட்டுக்கோ" என்று அனுப்பிவிடுவார். எனக்கு ஒரு முகாமில் இதேதான் நடந்தது. 2016-ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூர்மையை மட்டும் பார்ப்பதில்லை, பார்வைப் புலத்தையும், அதாவது நேராகப் பார்க்கும்போது எவ்வளவு அகலத்துக்குத் தெரிகிறது என்பதையும், சேர்த்துத்தான் பார்க்கிறது. புலம் 40 டிகிரிக்குக் கீழே சுருங்கியிருந்தால் குறைபார்வை, 10 டிகிரிக்கும் கீழே போனால் பார்வையின்மை. அதனால் போகும்போதே புலத்தை அளக்கும் பெரிமெட்ரி பரிசோதனையின் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் 'ஃபீல்டு டெஸ்ட்' என்று கேட்டால் தெரியும். கறுப்புப் புள்ளியும் வெள்ளையுமாக ஒரு தாளில் வரும், அதைப் பார்த்த பிறகு யாரும் "நல்லாத்தானே தெரியுது" என்று சொல்ல மாட்டார்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று வந்து, மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டையும் கைக்கு வந்துவிட்டால் பாதிக் கதவு திறந்த மாதிரி.

கருவிக்கான பணம் அவ்வளவு சிரமமில்லை. மாற்றுத்திறனாளிகளுக்குக் கருவி கொடுக்கும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில் குடும்ப மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் இருந்தால் கருவி முழு இலவசம், 30,000 வரை பாதி விலை. பெரும்பாலும் இந்தக் கருவிகளைத் தயாரிக்கும் கான்பூர் அலிம்கோ நிறுவனத்தின் முகாம் மூலமாக வரும். மாநிலத் திட்டங்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனுவுக்கு ஒரு நம்பர் விழும், பிறகு விசாரிக்க வசதி. ஒரு விஷயம்: அடிப்பில் ஒரு தேவைக்காக ஒரு முறை வாங்கினால் அதே தேவைக்கு மூன்று வருடம் மறுபடி கேட்க முடியாது. முகாமில் கொடுக்கிறார்களே என்று கண்டதை வாங்கிவிடாதீர்கள். பிரெயில் தெரியாத பிள்ளைக்குப் பிரெயில் கிட் எதற்கு? அலமாரி மேல் இப்படி ஏறி உட்கார்ந்த பெட்டிகளை நிறைய வீடுகளில் தடவிப் பார்த்திருக்கிறேன்.

இனி நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். பணம் கரைவது கருவியில் அல்ல, துணைக்கு வரும் ஆளில்தான். தங்கை சேலத்துக்குப் பயிற்சிக்கு இறங்கினால் கூட யார் வருவார்கள்? அம்மா. அம்மா வந்தால் அன்றைய எஸ்டேட் கூலி போச்சு. நான் பயிற்சிக்குப் போனது நவம்பருக்கு மேல், பழம் எடுக்கிற சீசன். வருடத்திலேயே நாலு காசு கூடப் பார்க்கிற மாதங்கள் அவை. அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னோடு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, வகுப்பு முடியும் வரை வாசலில் உட்கார்ந்திருப்பார். பயிற்சி இலவசம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக் கணக்கில் அது இலவசமே இல்லை. இந்தக் கூலியை ஈடுகட்டித் தருகிறேன் என்று எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை.

ஆகவே என் யோசனை, முதலில் வெள்ளைக் கோல் பிடித்துத் தனியாக நடக்கப் பழகட்டும், கம்ப்யூட்டர் அதற்கப்புறம். வெள்ளைக் கோல் சில நூறு ரூபாய்தான், முகாமில் சும்மாவே கிடைக்கும். ஆனால் அதைப் பிடித்து நடக்க முறையான பயிற்சி வேண்டும். நெஞ்செலும்பு உயரத்துக்குக் கோல். தோளைவிடக் கொஞ்சம் அகலமாக இடமும் வலமும் தட்ட வேண்டும். வலது கால் முன்னால் போகும்போது கோல் முனை இடது பக்கம் இருக்க வேண்டும், அடுத்து இடது கால் வைக்கப்போகும் இடத்தை அது முன்கூட்டியே பார்த்துச் சொல்லிவிடும். கேட்கும்போது சுலபம்தான், கை பழகத்தான் நாளாகும். சேலம் ஐந்து ரோடு சிக்னலில் தனியாக நின்று, ஆட்டோ சத்தத்தை வைத்து எந்தப் பக்கம் வண்டி நின்றது என்று கண்டுபிடித்து ரோட்டைத் தாண்டும் நாளிலிருந்து அம்மாவுக்குக் கூலி திரும்பக் கிடைக்கும். ஐ.ஐ.டி. டெல்லியில் உருவான ஸ்மார்ட்கேன் என்றும் ஒன்று உண்டு. ஒலி அலையை வைத்து முழங்காலுக்கு மேலே தலை வரை இருக்கும் தடையைக் கைப்பிடி அதிர்வில் சொல்லும். லாரிப் பின்பக்கம், ஜன்னல் கதவு, தாழ்ந்த கிளைக்கெல்லாம் நல்லது. சாதாரணக் கோல் பழகின பிறகு கேளுங்கள்.

வீட்டில் எதிர்ப்பு வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். "பொண்ணு கையில கோலா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?" என்று சித்தியோ அத்தையோ ஆரம்பிப்பார்கள். தங்கைக்கே கூச்சம் இருக்கும், பகலில் கொஞ்சம் தெரிகிறதே என்று. மடக்குக் கோலாக வாங்கிக் கொடுங்கள், பகலில் பையில் கிடக்கட்டும், இருட்டினதும் எடுக்கட்டும். அண்ணன் நீங்கள் பக்கத்தில் நின்றால் சித்தி வாய் தானாக அடங்கும்.

பயிற்சி எங்கே என்றால், பூந்தமல்லியில் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது, தலைமையகம் டேராடூனில். சென்னையில் கர்ண வித்யா, பெங்களூரில் எனேபிள் இந்தியா, இரண்டும் கம்ப்யூட்டரும் வேலைக்கான தயாரிப்பும் சொல்லித் தருகிறவை. சேலம் ஜங்ஷனிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயில் இருக்கிறது. தங்கிப் படிப்பதுதான் தினமும் மலை ஏறி இறங்குவதைவிட மலிவு. கோடை விடுமுறையில் பேட்ச் எப்போது என்று முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள்.

தங்கும் செலவுக்குத்தான் ஆள் பிடிக்க வேண்டும். ஊரில் ரோட்டரி, லயன்ஸ் என்று உதவ நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், பொருளாகக் கொடுக்கத்தான் அவர்களுக்குப் பிடிக்கும், மேடையில் போட்டோ எடுக்கலாம் அல்லவா. "லேப்டாப் வேண்டாங்க, ரெண்டு மாசம் ஹாஸ்டல் பீஸ் கட்டிருங்க, ரசீது தர்றோம்" என்று மரியாதையாக எழுதிக் கொடுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள், சிலர் ஒத்துக்கொள்வார்கள். 18 வயது முடிந்ததால் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கும் தாலுகா ஆபீஸில் கேட்டுப் பாருங்கள், 2023 ஜனவரியில் அது மாதம் 1,500 ரூபாயாக உயர்ந்தது. சாப்பாட்டுக்கு ஆகும். சாதாரண நகரப் பேருந்தில் அவளுக்கும் துணைக்கு ஒருவருக்கும் கட்டணமில்லை, 2021 முதல். கருவிக்காகக் கடன் மட்டும் வாங்காதீர்கள்.

கம்ப்யூட்டர் பழகும்போது ஒரு எரிச்சல் வரும். பழைய அரசு ஃபைல்களும் சில புரொபசர்களின் நோட்ஸும் வானவில், பாமினி எழுத்துருவில் இருக்கும். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், என்.வி.டி.ஏ. அதை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகப் படிக்கும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினால் சரியாகிவிடும். ஜெராக்ஸ் நோட்ஸைப் போட்டோ எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறும், தமிழும் வரும். ரூபாய் நோட்டைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் 'மணி' (MANI) என்ற செயலி இருக்கிறது, நெட் இல்லாமலும் வேலை செய்யும். கள்ள நோட்டை மட்டும் கண்டுபிடிக்காது.

காலேஜில் பரீட்சை எழுத ஆள் வேண்டும் என்றால் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே பிரின்சிபாலிடம் மனு கொடுத்துவிடுங்கள். மத்திய அரசு வழிகாட்டுதல்படி மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடினால் அலைச்சல்தான் மிச்சம்.