அப்பாவின் ரிடையர்மென்ட் பணத்தில் எம்.பி.ஏ.?

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு வயது 25. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் 2022-இல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். கேம்பஸில் எதுவும் கிடைக்கவில்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஏழு மாதம் வேலை பார்த்தேன். ஷிப்டு வேலை, லைனிலேயே நிற்க வேண்டும். பத்தாவது படித்தவர்களும் நானும் ஒரே வேலையைத்தான் செய்தோம். பிடிக்காமல் வந்துவிட்டேன். அப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் குரூப் 4-க்குப் படித்தேன், கட் ஆஃப் வரவில்லை. இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். பி.இ.க்கு மதிப்பே இல்லை என்று தெரிந்துவிட்டது. கோவையில் ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. சேரலாம் என்று நினைக்கிறேன். ஹாஸ்டலோடு சேர்த்து இரண்டு வருடத்துக்கு ஏழு லட்சம் ஆகும். பணத்துக்குப் பிரச்சினை இல்லை, அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர், வரும் மே மாதம் ரிடையர் ஆகிறார். எம்.பி.ஏ. சேரலாமா, இல்லை எம்.இ. படிப்பது நல்லதா?

- பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தம்பி, என் மகனைவிட நீ சின்னவன். அதனால் நீ, வா, போ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

இந்தக் கேள்வி எனக்கு மாதாமாதம் வருகிறது. பி.இ. முடித்தவர் எம்.பி.ஏ. படிக்கலாமா என்று கேட்கிறார். எம்.பி.ஏ. முடித்தவர் பி.எட். படிக்கலாமா என்கிறார். பி.எட். முடித்தவருக்கு மூன்று வருட சட்டப்படிப்பு மேல் கண். படிப்பைப் பற்றி நீ எழுதியதை நான் ஒரு தடவைதான் படித்தேன். பணத்தைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதைத் தாண்டித்தான் என்னால் போக முடியவில்லை.

"பணத்துக்குப் பிரச்சினை இல்லை, அப்பா ரிடையர் ஆகிறார்."

யாருக்குப் பிரச்சினை இல்லை? சம்பளம் நிற்கப்போகிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு பணத்துக்குப் பிரச்சினை இல்லை என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

சரி, கணக்குப் போடுவோம். நீ இன்ஜினியர், கணக்கு உனக்குப் புரியும். 1972-இல் வந்த பணிக்கொடைச் சட்டம் வகுத்த கணக்கின்படி, ஒருவர் வேலை பார்த்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் கிராஜுவிட்டி. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்க வேண்டும். உன் அப்பாவின் சம்பளத்தை நீ எழுதவில்லை. இரண்டும் சேர்த்து 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள். ஒரு வருட சர்வீஸுக்கு 23,000 ரூபாய் சொச்சம் வரும். ஏழு லட்சத்தை அதால் வகுத்துப் பார். முப்பது வருடம் வருகிறது.

முப்பது வருடம் என்றால் என்ன என்று உனக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. விடியற்காலை முதல் டிரிப்புக்கு மூன்று மணிக்கே எழுந்து டிப்போவுக்குப் போவது. தீபாவளி, பொங்கலுக்கு ஊரெல்லாம் வீட்டுக்கு வரும்போது, அவர்களை ஏற்றி இறக்கிக்கொண்டு ஸ்பெஷல் பஸ்ஸில் நிற்பது. நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் டிக்கெட் கொடுத்து, சில்லறை இல்லை என்று ஆள் ஆளுக்குத் திட்டுவதைக் கேட்டு, கலெக்‌ஷன் குறைந்தால் கைக்காசைப் போட்டுக் கட்டுவது. கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். மூட்டு வலியும் காலில் நரம்புச் சுருளும் இல்லாமல் வீடு வந்து சேர்ந்த ஒருவரை நான் பார்த்ததில்லை. அந்தக் கால்களுக்கான காசு அது.

ஒரகடத்து வேலையை விட்டதற்கு என்ன காரணம் சொன்னாய்? பத்தாவது படித்தவர்களோடு ஒரே லைனில் நிற்க வேண்டியிருந்தது என்றாய். கண்டக்டர் வேலைக்கு என்ன தகுதி கேட்பார்கள், தம்பி? பத்தாம் வகுப்பு. பத்தாவது படித்தவரோடு சேர்ந்து ஏழு மாதத்துக்கு மேல் நிற்க முடியாதவனுக்கு, பத்தாவது படித்தவர் முப்பது வருடம் நின்று சேர்த்ததை எடுத்துச் செலவழிக்க மட்டும் கூச்சமாக இல்லையா?

கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன். உன் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. குரூப் 4-இல் கட் ஆஃப் வராததற்கு உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். 2024-இல் அந்தத் தேர்வுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். அதில் தேறாதது ஒரு குற்றமே இல்லை. லைன் வேலை கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் உன் கடிதத்தில் அப்பா என்ன சொன்னார் என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நீ அவரிடம் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன். கேட்டால் என்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும். "சேர்ந்துக்கோப்பா" என்பார். நம் ஊர் அப்பாக்களுக்கு வேறு பதில் தெரியாது. பிள்ளை படிக்கிறேன் என்று சொன்னால் வீட்டுப் பத்திரத்தையே எடுத்துக் கொடுப்பார்கள். அதனால்தான் அவரிடம் கேட்பதற்கு முன்னால் நீயாக யோசிக்க வேண்டும் என்கிறேன்.

அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பணத்தில் பாதி அவருடையது என்று நான் நினைக்கிறேன். சட்டம் என்ன சொல்கிறதோ, விடு. விடியற்காலை டூட்டிக்குப் போகிறவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தவர் அவர்தானே.

அதே ஏழு லட்சத்தைத் தபால் அலுவலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் என்ன ஆகும் என்று பார். 2023 ஏப்ரலில் அதற்கு வட்டியை 8.2 சதவீதம் ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 14,350 ரூபாய் கைக்கு வரும். முதலும் அப்படியே இருக்கும். மாதத்துக்குக் கிட்டத்தட்ட 4,800 ரூபாய். அரிசி, பால், இரண்டு பேருக்கும் மாத்திரை. உன் எம்.பி.ஏ. இதோடுதான் போட்டி போடுகிறது.

இன்னொன்று. மே மாதம் ரிடையர் ஆனால் ஜூன் மாதம் பணம் வந்துவிடும் என்று யார் உனக்குச் சொன்னது? போக்குவரத்துக் கழகங்களில் ஓய்வு பெற்றவர்கள், பணப்பலன் வரவில்லை என்று போராட்டம் நடத்திய செய்தியெல்லாம் நீ பேப்பரில் பார்த்ததே இல்லையா? கல்லூரிக்காரன் முதல் தவணையைக் கேட்கும்போது உன் அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டுவார். அதையும் உன்னிடம் சொல்ல மாட்டார்.

என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன், பழைய பஞ்சாங்கம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். பிள்ளையை ஒரு பட்டம் வரை படிக்க வைப்பது பெற்றவர்கள் பொறுப்பு. உன் அப்பா அதை முடித்துவிட்டார். வேலை கிடைக்கும்வரை சோறு போடுவதும் அவர்கள் பொறுப்பு, அதை யாரும் உனக்குச் சொல்லிக் காட்டக் கூடாது. இரண்டாவது பட்டம் உன் சொந்தச் செலவு. இதே கடிதத்தை ஒரு பெண் எழுதியிருந்தால் அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? ரிடையர்மென்ட் பணத்தை எடுத்து இரண்டாவது பட்டம் படிக்கிறேன் என்று சொல்லும் துணிச்சல் எந்தப் பெண்ணுக்கும் வராது. நீ ஆண் பிள்ளை என்பதால்தான் "பிரச்சினை இல்லை" என்று சுலபமாக எழுத முடிந்தது.

இனி எம்.பி.ஏ. விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு அதில் உண்மையான ஆசை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அந்த ஏழு லட்சத்தை வங்கியில் கல்விக் கடனாக, திருப்பிக் கட்டும் பொறுப்பு உன்னுடையது என்று வைத்து வாங்குவாயா? 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமலே கொடுக்க வழி இருக்கிறது. உன்னோடு சேர்ந்து அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம். அப்புறம் பத்து சதவீத வட்டியில் ஏழு வருடத்துக்கு என்று வைத்தால், மாதம் சுமார் 11,600 ரூபாய். படிக்கும் காலத்து வட்டியை நான் இதில் சேர்க்கவில்லை. அந்தக் கல்லூரியில் எம்.பி.ஏ. முடித்தவன் வாங்கும் முதல் சம்பளத்தில் இதைக் கட்ட முடியுமா? போன வருடம் முடித்த நாலு பேரை நீயே தேடிப் பிடித்துக் கேள். கல்லூரி விளம்பரத்தில் போட்டோ வந்தவர்களை விட்டுவிடு, வராதவர்களைக் கேள். கேட்டுவிட்டு, கடன் என்றால் பயமாக இருக்கிறது, அப்பா பணம் என்றால் பயமில்லை என்று தோன்றினால், அந்தப் படிப்பின் மேல் உனக்கே நம்பிக்கை இல்லை.

நம்பிக்கை இருந்தால் டான்செட் நுழைவுத் தேர்வு எழுது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. நல்ல மதிப்பெண் எடுத்தால் அரசுக் கல்லூரிகளிலோ பல்கலைக்கழகத் துறைகளிலோ கவுன்சலிங் மூலம் இடம் கிடைக்கும். அங்கே ஏழு லட்சம் என்ற பேச்சே இருக்காது. அதில் இடம் வாங்க முடியவில்லை என்றால், பணம் கட்டினால் போதும் என்று சேர்த்துக்கொள்ளும் இடத்தில் கிடைக்கும் எம்.பி.ஏ.வுக்கு வெளியே என்ன மரியாதை இருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். ஏழு மாத அனுபவத்தோடு நிர்வாகம் படிக்கப் போகிறவனைவிட, மூன்று வருடம் ஷாப் ஃப்ளோரில் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிவிட்டுப் போகிறவனுக்கு வகுப்பில் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியிலும் எம்.பி.ஏ. படிக்கலாம், இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ வைத்திருக்கிறது.

எம்.இ.யைப் பற்றிக் கேட்டாய். கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதித் தேறி, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அங்கீகாரம் உள்ள இடத்தில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். அப்படியானால் படி. கேட் இல்லாமல், கைக்காசைக் கட்டிப் படிக்கும் எம்.இ. இன்றைக்கு உனக்கு வேண்டாம்.

இந்த வருடம் நீ செய்ய வேண்டியது வேறு. உன் அப்பா வேலை பார்க்கும் போக்குவரத்துக் கழகமே மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் முடித்த பட்டதாரிகளை ஒரு வருடம் அப்ரண்டிஸாக எடுக்கிறது, உனக்குத் தெரியுமா? சென்னை தரமணியில் இருக்கும் தொழிற்பழகுநர் வாரியம் மூலமாக அறிவிப்பு வரும். அதற்கு முதலில், மத்திய அரசின் அப்ரண்டிஸ் திட்டமான நாட்ஸின் (NATS) இணையதளத்தில் உன் பெயரைப் பதிந்து வைக்க வேண்டும். 2019-இல் வந்த தொழிற்பழகுநர் விதிகளில் பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். வருடம் முடிந்ததும் அங்கேயே வேலை என்று யாரும் வாக்குக் கொடுக்க மாட்டார்கள், அதை எதிர்பார்த்துப் போகாதே. ஆனால் இன்ஜினைக் கையால் பிரித்துப் பூட்டிய ஒரு வருடமும், மத்திய அரசின் சான்றிதழும் உன்னிடம் இருக்கும். எந்த ஆண்டு முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று ஒவ்வொரு அறிவிப்பிலும் வரம்பு போடுகிறார்கள். நீ 2022. இன்னும் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தால் அந்தக் கதவு மூடிக்கொள்ளலாம். ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களை எடுக்க மாட்டார்கள். நீ ஏழு மாதத்தில் ஓடி வந்தது அந்த ஒரு விஷயத்தில் உனக்கு உதவியிருக்கிறது, போ.

டிப்போவில் உன் பக்கத்தில் ஐ.டி.ஐ. முடித்தவர் நிற்பார். பத்தாவது படித்தவரும் நிற்கலாம். ஸ்பானர் பிடிக்க அவர்தான் உனக்குக் கற்றுக்கொடுப்பார். அண்ணே என்று கூப்பிட்டுக் கற்றுக்கொள்.

சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் "பையன் என்ன பண்றான்" என்று கேட்பார்கள், தெரியும். "எம்.பி.ஏ. பண்றான்" என்று சொன்னால் அப்பாவுக்கு ஒரு கௌரவம் என்று நீ நினைக்கலாம். உன் கடிதத்தில் நீ எழுதாத காரணம் அதுதான் என்பது என் சந்தேகம். இரண்டு வருடம் பதில் சொல்லாமல் தப்பிக்க ஏழு லட்சம் ரொம்ப அதிகம். "டிப்போவில் அப்ரண்டிஸா இருக்கான்" என்று உன் அப்பாவால் தலை நிமிர்ந்து சொல்ல முடியும், அவருக்கு அந்த இடத்தின் அருமை தெரியும்.

மே மாதத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அப்பாவோடு உட்கார்ந்து அவருடைய ஓய்வுக்கான பேப்பர்களைப் பூர்த்தி செய்து கொடு. பி.எஃப்., கிராஜுவிட்டி நாமினேஷனில் அம்மாவின் பெயர் ஆதாரில் உள்ளதுபோலவே இருக்கிறதா என்று பார். பென்ஷனுக்கு ஜாயின்ட் போட்டோ கேட்பார்கள், இரண்டு பேரையும் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போ. பணம் வந்ததும் இரண்டு பேர் பெயரிலும் தபால் அலுவலகத்தில் போட்டுக் கொடு. பாஸ்புக்கை அம்மாவிடம் கொடு.