ஏசி கூல் ஆகலையா? கேஸுக்கு காசு குடுக்கறதுக்கு முன்னாடி இத பாருங்க

கேள்வி: அண்ணா, நாங்க மடிப்பாக்கத்துல இருக்கோம். 1.5 டன் ஸ்ப்ளிட் ஏசி, வாங்கி மூணு வருஷம் ஆகுது. போன வருஷம் கூலிங் இல்லன்னு மெக்கானிக்க கூப்ட்டோம், கேஸ் கம்மியா இருக்குன்னு ஃபில் பண்ணி 3000 ரூபா வாங்கிட்டு போனார். இப்ப 18-ல வெச்சாலும் ரூம் குளுராக மாட்டேங்குது, மறுபடியும் கேஸ்தான்னு சொல்றார். வருஷா வருஷம் கேஸ் போடணுமா?

பதில்: வேண்டாம்க்கா. ஏசி கேஸ், சமையல் கேஸ் மாதிரி எரிஞ்சு தீர்ந்து போற சமாச்சாரம் இல்ல. மூடின பைப்புக்குள்ள அதே கேஸ்தான் சுத்திச் சுத்தி வருது. உங்க வீட்டு ஃபிரிட்ஜுக்கு எத்தன தடவ கேஸ் போட்டிருக்கீங்க? அதே ஏற்பாடுதான் இதுவும். கேஸ் குறைஞ்சிருக்குன்னா எங்கயோ லீக் இருக்குன்னு அர்த்தம், அத கண்டுபுடிச்சு அடைக்காம மேல மேல போட்டுட்டே இருந்தா ஓட்டக் குடத்துல தண்ணி புடிக்கற கததான், உங்க காசு போறது எனக்கே வயித்தெரிச்சலா இருக்கு.

ஆனா அதுக்கு முன்னாடி, கேஸ்தான் பிரச்சனையான்னே முதல்ல பாக்கணும். ஏசிய ஆஃப் பண்ணிட்டு இன்டோர் யூனிட்டோட முன் மூடிய ரெண்டு பக்கமும் புடிச்சு மேல தூக்குங்க, உள்ள வலை மாதிரி ஃபில்டர் இருக்கும். அத கழட்டி ட்யூப்லைட்டுக்கு நேரா புடிச்சு பாருங்க. வெளிச்சம் ஊடுருவி வரலன்னா காத்து மட்டும் எப்படி போகும்? உங்க ஏரியால மெட்ரோ வேல வேற நடக்குது, ரெண்டே வாரத்துல கம்பளி போத்தின மாதிரி தூசி படிஞ்சிரும். தூசி இல்லாத பின்பக்கத்துலருந்து பைப் தண்ணிய விடுங்க, அழுக்கு அப்படியே உரிஞ்சு விழும், முன்பக்கம் தேச்சீங்கன்னா வலைக்குள்ள போய் அப்பிக்கும். சுடுதண்ணி வேண்டாம், வலை நெளிஞ்சிரும். நிழல்ல காய வெச்சு மாட்டுங்க. வெயில் காலத்துல ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா இத பண்ணாலே போதும், பாதி கம்ப்ளைன்ட் வராது.

அடுத்து அவுட்டோர். பால்கனில, கை எட்ற இடத்துல இருந்தா மட்டும் பாருங்க, சன்னல் வழியா எட்டி சாஞ்செல்லாம் வேண்டவே வேண்டாம். முன்னாடி துணி காயப் போட்டிருக்கா, அட்டப்பெட்டி அடுக்கி வெச்சிருக்கான்னு பாத்து எடுங்க, ரூம் சூட்ட வெளிய தள்றதே அதுதான், அதுக்கு மூச்சு விட எடம் வேணும். அப்புறம் ஏசிய இருவது நிமிஷம் ஓடவிட்டு அதுல வந்து சேர்ற ரெண்டு காப்பர் பைப்பயும் பாருங்க. தடிச்ச பைப் சில்லுன்னு வேர்த்திருந்தா பொதுவா கேஸ் சரியா இருக்குன்னு எடுத்துக்கலாம். தடிச்சது சாதாரணமா இருந்து, சின்ன பைப்ல மட்டும் வெள்ளையா ஐஸ் படிஞ்சிருந்தா கேஸ் குறைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். நட்டு போட்ட ஜாயின்ட் பக்கம் எண்ணெ பிசுக்கு தெரிஞ்சா லீக் அங்கதான்னு சந்தேகப்படலாம்.

அப்படி லீக்னே ஆனாலும் மெக்கானிக்கிட்ட மூணு விஷயம் கேளுங்க. நைட்ரஜன் விட்டு சோப்புத்தண்ணி வெச்சு லீக் பாப்பீங்களா, வேக்குவம் போடுவீங்களா (பைப்புக்குள்ள இருக்கற காத்தயும் ஈரத்தயும் மெஷின் வெச்சு உறிஞ்சி எடுக்கறது), எடை போட்டு கேஸ் ஏத்துவீங்களா. எத்தன கிராம்னு அவுட்டோர் ஸ்டிக்கர்லயே அச்சடிச்சிருக்கும். இப்ப வர்ற ஏசி நிறைய ஆர்-32 கேஸ், அது தீப்பிடிக்கக் கூடிய வகை, அதனால நீங்களா கை வைக்காதீங்க. பில் கண்டிப்பா வாங்குங்க. வாரண்டி கார்டயும் எடுத்து பாருங்க, கம்ப்ரசருக்கு இன்னும் ஓடிட்டிருக்கும். பில்லும் குடுக்காம பதிலும் சொல்லாம இழுத்தடிச்சா 1915-க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் அது.

இன்னொண்ணு, 18-ல வெச்சா சீக்கிரம் குளுரும்னு நெனச்சு வைக்காதீங்க. 24-ல வெச்சு மேல ஃபேனையும் ஓடவிடுங்க. ஒரு டிகிரி ஏத்தினா சுமார் 6 சதவீதம் கரன்ட் மிச்சம்னு மத்திய அரசோட மின்சார சிக்கன அமைப்பான பி.இ.இ. சொல்லுது, 2020 ஜனவரிலருந்து ஸ்டார் போட்ட ஏசிங்க ஆன் பண்ணதும் 24-ல நிக்கற மாதிரி வர்றதும் அதனாலதான்.

கேள்வி: சார், இன்டோர்லருந்து ராத்திரி பூரா தண்ணி சொட்டுது, கட்டிலயே நகத்தி போட்டுட்டோம். ஏசி போயிருச்சா?

பதில்: போகல சார், பெரும்பாலும் தண்ணி வெளிய போற ட்ரெயின் பைப் அடைப்புதான். காத்துல இருக்கற ஈரம் இன்டோருக்குள்ள சில்லுன்னு இருக்கற காயில்ல (பைப் சுருள்) பட்டு தண்ணியாகி அந்த பைப் வழியாதான் வெளிய போகணும், சென்னை புழுக்கத்துக்கு பக்கெட் பக்கெட்டா வரும். பைப்போட வெளி முனைய பாருங்க. எங்க வீட்ல பெயின்ட் அடிக்க வந்தவங்க பைப்ப மேல தூக்கி கட்டிட்டு போயிட்டாங்க, நாங்க ரெண்டு நாள் உள்ளயே தேடிட்டிருந்தோம். பைப் எங்கயும் மேல ஏறாம இறக்கமாவே இருக்கணும், முனை பக்கெட் தண்ணிக்குள்ள முங்கியும் இருக்கக் கூடாது. பாசி அடைச்சிருந்தா வெளி முனைல தண்ணி உறிஞ்சக் கூடிய வேக்குவம் க்ளீனர் வெச்சு இழுத்தா கொழகொழன்னு வந்துரும்.

காயில்ல ஐஸ் கட்டியிருந்தா கூலிங்க நிறுத்திட்டு ஃபேன் மோட்ல போட்டு தானா உருக விடுங்க. ஸ்க்ரூ டிரைவர், கத்தி வெச்சு நோண்டவே நோண்டாதீங்க, காயில்ல ஓட்ட விழுந்தா அப்ப நெஜமாவே கேஸ் போயிரும். உருகினதும் ஃபில்டர கழுவுங்க, அதுக்கப்புறமும் ஐஸ் கட்டினா ஆள கூப்டுங்க.

கேள்வி: ரிமோட் வேல செய்யல, டிஸ்ப்ளே மட்டும் எரியுது.

பதில்: போன் கேமராவ ஆன் பண்ணி ரிமோட் முனைய காட்டி பட்டன அமுக்குங்க. கேமராவுல வெளிச்சம் மின்னினா ரிமோட் நல்லாதான் இருக்கு. ஒண்ணும் தெரியலன்னா செல்ஃபி கேமராலயும் பாத்துட்டு பேட்டரிய மாத்துங்க.

கேள்வி: அண்ணா, ஏசி போட்ட அரமணி நேரத்துல ப்ளக் கை வைக்க முடியாத அளவு சுடுது, லேசா பிளாஸ்டிக் வாடை வருது. எம்.சி.பி. (கரன்ட் அதிகமானா தானா விழற ஸ்விட்ச்) வேற ட்ரிப் ஆகுது. பெரிய எம்.சி.பி. மாத்திக்கலாமா?

பதில்: தம்பி, மாத்தாதீங்க. இப்பவே ஏசிய ஆஃப் பண்ணிட்டு எம்.சி.பி.யயும் கீழ இறக்கிருங்க. எம்.சி.பி. ட்ரிப் ஆகறது ஒயர காப்பாத்தத்தான், பெருசா போட்டா அது விழாது, உங்க சுவத்துக்குள்ள ஒயர்தான் உருகும். ப்ளக் பின்ல கருப்பு, சாக்கெட் ஓட்டைல மஞ்சளா கருகினது தெரியும் பாருங்க, லூஸ் கனெக்‌ஷனா இருக்கும், இல்ல சின்ன ஒயர்ல இழுத்திருப்பாங்க. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன கூப்ட்டு ஏசிக்குன்னு தனி லைன், நல்ல தடிமனான காப்பர் ஒயர், எர்த் எல்லாம் சரியா இருக்கான்னு பாக்க சொல்லுங்க. அதுவரைக்கும் ஃபேன்லயே தூங்குங்க தம்பி.